பெயரைக் கேட்கச் சொன்ன வக்கீலம்மா

போன செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் 'அருக்காணி அக்கா' என்று வந்தது. அந்த நேரத்தில் அவர் அழைப்பது புதிதல்ல. இன்றைக்கு எந்த நீதிபதி விடுப்பு என்று கேட்பார். இல்லையென்றால், முதல் நாள் நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு இரவெல்லாம் யோசித்து வைத்த பதிலைச் சொல்வார். வாயில் நுரையோடு "சொல்லுங்கக்கா" என்றேன்.

மறுமுனையில் பேசியது அவருடைய தம்பி. "நான் ரங்கசாமி பேசறனுங்க. அக்கா போயிட்டாங்க. அவங்க போன்ல இருந்தே முதல்ல உங்களுக்குச் சொல்லோணும்னு சொல்லி வெச்சிருந்தாங்க" என்றார். தூக்கத்திலேயே மாரடைப்பாம். காலையில் காபி கொடுக்கப் போனபோதுதான் தெரிந்ததாம். நான் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். அருக்காணி அக்கா என்றே இருந்தது. இணைப்பு துண்டிக்கப்படாமல் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

தன் சாவுச் செய்தி தன் எண்ணிலிருந்தே போக வேண்டும் என்று ஒரு மனுஷி ஏன் சொல்லி வைக்க வேண்டும்? அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் காரணம் தெரியும். அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அவிநாசிப் பக்கம் தோட்டமும் கிணறும் உள்ள குடும்பம் அவருடையது. பங்காளிகள் பாதிப் பேர் பனியன் கம்பெனி முதலாளிகள். அவர்களுடைய கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். அவரோ குற்றவியல் பக்கம் போனார். அதுவும் அந்தக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்காகப் போனார். பெயர்ப்பலகை எழுத வந்தவர்கூட, அருக்காணி என்ற பெயர் வக்கீல் பலகைக்குப் பொருந்தாது, அருணா என்று எழுதிவிடலாமா என்று கேட்டார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் எழுத்தை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக எழுதிவிட்டுப் போனார். அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்த சாட்சிகள் குறுக்கு விசாரணை முடிந்து இறங்கும்போது சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே அலுவலகம். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. நான் உரிமையியல் வழக்கறிஞன். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்று காலத்தை ஓட்டுகிறவன். பின்பக்கச் சுவருக்கு அந்தப் புறம் ஒரு நிட்டிங் கம்பெனி. துணி பின்னும் இயந்திரங்கள் காலை முதல் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அதனால் இருவரும் கத்தித்தான் பேசுவோம். கேட்பவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். பல நாள் சண்டையேதான்.

எங்கள் சண்டைகளில் பாதி மஞ்சள் காமாலையைப் பற்றியது. இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். சட்டத்தில் எதற்கும் ஒரு கெடு உண்டு. இத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் கதவு சாத்திவிடும். கெடு தவறியவர்கள், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கறிஞர்கள் வழிவழியாக எழுதிவரும் காரணம் மஞ்சள் காமாலை. கட்சிக்காரர் காமாலையில் படுத்துவிட்டார், நாட்டு மருந்து சாப்பிட்டார், அதனால் வர முடியவில்லை. இப்படி எழுதாத வக்கீல் இந்த மாவட்டத்தில் இருவர் இருந்தால் அதிகம். நான் அந்த இருவரில் இல்லை. அக்கா இருந்தார். "உங்க கட்சிக்காரங்களை எல்லாம் ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்க சம்முகம். ஊரே மஞ்சளாக் கெடக்குது" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்.

இந்தப் பிடிவாதம் ஒருமுறை எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகுத்தண்டு ஜில்லென்கிறது.

இரண்டாயிரத்தைந்து, ஆறு வாக்கில் ஒரு மதியம், ஞானம்மாள் என்ற அம்மா அழுதுகொண்டு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மகனோடு பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குவது. மகன் செல்வராஜுக்குச் சாயப்பட்டறையில் வேலை. பல வருஷங்களுக்கு முன் பட்டறையில் ஒரு வாய்த்தகராறு. செல்வராஜ் ஒருவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்கிறார். அவர் மல்லாந்து விழுந்ததில் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் மண்டை அடிபட்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. சிறையில் மூன்று வருஷம் போல இருந்தபிறகு, ஊர்க்காரர் ஒருவர் சொல்லி, சென்னையில் ஒரு மூத்த வக்கீலைப் பிடித்தார்கள். அந்தப் பெரியவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டை ஏற்கச் செய்து, அது முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனும் வாங்கிக் கொடுத்தார். செல்வராஜ் வெளியே வந்தார். பழைய வேலைக்கே திரும்பினார். கல்யாணமும் ஆயிற்று.

ஞானம்மாள் அந்தப் பெரியவரைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் தொலைபேசியில்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்ததும் எஸ்டிடி பூத்துக்குப் போய் வழக்கு என்ன ஆச்சு என்று கேட்பார். பெரியவர் வீட்டிலேயே அலுவலகம் வைத்திருந்ததால் ஞாயிறும் எடுப்பார். இன்னும் வரலம்மா, பார்த்துக்கலாம் என்பார். அந்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் குழம்பு வைப்பார்.

அப்படியிருக்க, முதல் நாள் பட்டறைக்கே போலீஸ் வந்து செல்வராஜைக் கொண்டுபோய்விட்டது. மேல்முறையீடு தள்ளுபடியாகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வாரண்டு இப்போதுதான் கைக்கு வந்தது என்றார்களாம். மிச்சமிருந்த ஒரே கதவு உச்ச நீதிமன்றம். அதற்குத் தொண்ணூறு நாள் கெடு. அந்தக் கெடு எப்போதோ ஓடிப்போய்விட்டது.

அக்கா தீர்ப்பின் நகலை அன்றே சென்னையிலிருந்து ஃபேக்ஸில் வரவழைத்துப் படித்தார். இரண்டே பக்கம். ஒரே ஒரு தள்ளல், கொல்லும் எண்ணம் இல்லை, ஆகவே இது கொலை ஆகாது என்ற வாதம் அதில் எங்குமே இல்லை. சொன்னால்தானே இருக்கும். தலைப்பில் மேல்முறையீட்டாளருக்காக அந்தப் பெரியவரின் பெயர் இருந்தது. ஏன் வாதாடவில்லை என்று கேட்க, அக்கா சென்னையில் ஒரு நண்பரிடம் பெரியவரைப் பற்றி விசாரித்தார். போனை வைத்துவிட்டுத் தீர்ப்பின் தேதியை இன்னொரு முறை பார்த்தார்.

"அவரு செத்துப் போயிட்டாருங்களாமா. இந்தத் தீர்ப்புக்கு ஒரு வருஷம் முந்தியே" என்றார்.

எனக்கு அது பெரிய புதிராகப் படவில்லை. வழக்கு நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தில் யார் பெயரோ அதுவே தீர்ப்பின் தலையில் அச்சாவது வழக்கம்தான் என்றேன். அக்கா என்னைப் பார்க்காமல் எதிரே உட்கார்ந்திருந்த ஞானம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் கோணிப்போயிருந்தது.

"என்னம்மா சொல்லுதீக? அய்யா நேத்து சாயங்காலம்கூடப் பேசுனாவளே. போலீஸு தப்பாப் பிடிச்சிருக்கும், நான் விசாரிக்கேன்னு சொன்னாவளே."

துக்கத்தில் உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா தன் மேசைத் தொலைபேசியை அந்த அம்மா பக்கம் நகர்த்தி, எண்ணைப் போடச் சொல்லி, ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியபோது வழக்கமான மின்வெட்டு வந்தது. சுவருக்குப் பின்னால் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக இரைச்சல் குறைந்து நின்றன. அந்த அறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. தொலைபேசிக்கு மட்டும் மின்சாரம் தேவைப்படவில்லை.

யாரோ எடுத்தார்கள். ஒரு கிழவரின் குரல். கரகரப்பான, நிதானமான, நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் பேசிப் பழுத்த குரல். "விசாரிச்சுக்கிட்டு இருக்கேம்மா. உங்க வழக்கு இன்னும் வரலம்மா. கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்றது. ஞானம்மாள் வழக்கம்போல "சரிங்கய்யா" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். பார்த்தீங்களா, நான் பொய் சொல்லவில்லையே என்பது போல இருந்தது அந்தப் பார்வை. நான் எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றேன். உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்று பாருங்கள். தாமதத்துக்குக் காரணம் என்ன? தீர்ப்புக்குப் பிறகும் மாதாமாதம் வக்கீலிடம் பேசினோம், வழக்கு நிலுவையில் இருப்பதாக அவர் சொன்னார் என்பதுதான் காரணம். அது முழு உண்மை. ஆனால் அந்த வக்கீல் அப்போது உயிரோடு இல்லை. அந்த உண்மையை அப்படியே எழுதினால், பொய்ச் சத்தியம் செய்ததாக அந்த அம்மாவையும் உள்ளே தள்ளுவார்கள். நான் மேசையில் தட்டிச் சொன்னேன்: அக்கா, தயவுசெய்து மஞ்சள் காமாலை போடுங்கள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "காமாலை போட்டாத் தாமதம் மட்டுந்தானுங்க மன்னிப்பாகும். அன்னைக்கு அந்தப் பையனுக்காக எந்திரிச்சு நின்னது யாருன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. போயிப் பாத்துட்டு வரலாமுங்க" என்றார்.

மூவரும் ரயிலேறிச் சென்னை போனோம். பழைய தெருவில் ஒரு பழைய வீடு. வாசலில் பெரியவரின் பித்தளைப் பெயர்ப்பலகை பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே அவருடைய நாற்காலியின் முதுகில் கறுப்பு அங்கி தொங்கியது. மேசையில் மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். நான் சுவர்களைச் சுற்றிப் பார்த்தேன். இறந்தவர் வீட்டில் மாலை போட்ட படம் ஒன்று இருக்குமே, அது இல்லை. பக்கத்து அறையின் வாசலில் திரை போட்டிருந்தது. திரைக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

ஒல்லியான இளைஞர் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கலாம். நாங்கள் யார் என்று கேட்க அவர் வாயைத் திறந்ததும் ஞானம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கிழவரின் குரல் இந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. "இந்த அய்யாதான். இவியதான்" என்றார் அந்த அம்மா.

அவர் பெரியவரின் மகன். அவரும் வக்கீல்தான். அக்கா அதட்டவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஞானம்மாள் யார், மகன் இப்போது எங்கே இருக்கிறான் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். இளைஞர் எங்களைத் தெருவுக்கு அழைத்து வந்தார். அங்கே நின்றுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

பெரியவர் திடீரென்று வெளியூரில் இறந்திருக்கிறார். அதற்குச் சில நாள் முன்புதான் அவருடைய மனைவி பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்திருந்தார். இந்தச் செய்தியைக் கேட்டால் உயிர் தாங்காது என்று வீட்டில் யாரும் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. காரியம் கூட உறவினர் வீட்டில்தான் நடந்தது. சில நாள் கழித்துத் தொலைபேசி அடித்து மகன் எடுத்திருக்கிறார். அழைத்த கட்சிக்காரர் குரலை வைத்து இவரை அப்பா என்று நினைத்துக்கொண்டார். அதே நேரம் திரைக்குப் பின்னாலிருந்து அம்மா, அப்பா ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறார். அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷமாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தொலைபேசியில் அப்பாதான் பேசினார். பார்வை மங்கிப் படுத்திருந்த அந்த அம்மாளுக்குத் திரைக்கு அப்பாலிருந்து கேட்ட அந்தக் குரலே போதுமாக இருந்தது. அம்மாவின் காதுபட, அப்பா செத்துவிட்டார் என்று எந்தக் கட்சிக்காரரிடம் சொல்வது? செல்வராஜின் வழக்கு வந்த அன்று இவர்தான் நீதிமன்றத்தில் எழுந்து நின்றிருக்கிறார். வழக்குக் கட்டைப் படித்திருக்கவில்லை. ஆவணங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தோற்ற செய்தியையும் சொல்ல முடியவில்லை. வழக்கு இன்னும் வரவில்லை என்பது பழக்கமாகிப்போனது.

அக்கா ஞானம்மாளிடம், ஒருநாளாவது யார் பேசுறீங்கன்னு பெயரைக் கேட்டிருக்கக் கூடாதா என்றார். அந்த அம்மா, "அவ்வளவு பெரியவியகிட்டப் பேரைக் கேக்கலாமாம்மா? மரியாதி இல்லேல்லா" என்றார். அந்த இளைஞர் தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காட்டிய மரியாதை ஒரு பக்கம். இந்த அம்மா வக்கீலுக்குக் காட்டிய மரியாதை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து நடுவில் இருந்த செல்வராஜைச் சிறைக்கு அனுப்பிவிட்டன. எனக்கு அந்த இளைஞரை அறைய வேண்டும் போல இருந்தது. அழவும் வந்தது.

"இதை எல்லாம் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கோணுமுங்க. உங்க வக்கீல் சன்னதுக்கு ஆபத்துதான்" என்றார் அக்கா. "அம்மாளுக்கு இன்னைக்கு நீங்களே சொல்லிப்போடுங்க. அப்பா குரல்ல வேண்டாம். உங்க குரல்ல சொல்லுங்க."

அவர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு வேற குரல் இல்லை மேடம்" என்றார்.

எழுதிக் கொடுத்தார். தன் அம்மாவிடம் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. டெல்லியில் ஒரு வழக்கறிஞர் மூலமாக மனுப் போனது. அந்தப் பத்தி வந்தபோது நீதிபதி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாராம். தாமதம் மன்னிக்கப்பட்டது. மேல்முறையீட்டை முதலிலிருந்து விசாரிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தடவை வக்காலத்தில் அருக்காணி என்று இருந்தது. எழுந்து நின்றவரும் அருக்காணிதான். ஒரே ஒரு தள்ளலைப் பற்றி அவர் ஒரு முழு முற்பகல் பேசினார். கொலை என்பது மாறியது. தண்டனை குறைந்து, இதுவரை இருந்த காலமே போதும் என்றார்கள். சிறை வாசலில் செல்வராஜ் வெளியே வந்தபோது ஞானம்மாள் அவரைக் கட்டிக்கொள்ளும் முன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணால் பார்ப்பதை நம்புவதற்குக் கூட அந்த அம்மாவுக்கு நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு அக்கா தன் கட்சிக்காரர்கள் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். போனில் யார் எதைச் சொன்னாலும் முதலில் பெயரைக் கேளுங்கள், பெயர் சொல்லாதவர் பேச்சை நம்பாதீர்கள், நானே ஆனாலும் கேளுங்கள். என்னிடம் வேறொன்று சொன்னார். "நான் செத்துப் போனா மாலை வாங்கறதுக்கு முந்தி, என் போன்ல இருந்தே அத்தனை பேருக்கும் சொல்லிப்போடுங்க சம்முகம். என் பேருல இன்னொருத்தரு ஒரு நாள் கூட எந்திரிச்சு நிக்கக் கூடாது." உங்களுக்கு முன்னால் நான் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கிண்டல் செய்தேன். உங்களுக்கு மஞ்சள் காமாலை என்று வாய்தா வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். ரங்கசாமி அக்காவின் கைபேசியை என் கையில் கொடுத்தார். நான் பின்பக்கம் தென்னைகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு ஒவ்வொருவராக அழைத்தேன். இப்படி ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எல்லோருடைய திரையிலும் அவர் பெயர் போயிருக்கும். எல்லோரும் மலர்ந்த குரலில் "சொல்லுங்கம்மா" என்றார்கள். ஒவ்வொரு முறையும் நான் அவரைக் கொல்ல வேண்டியிருந்தது. நிட்டிங் கம்பெனியில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே எடுத்த ஒருவர், நான் சொன்னது எதுவும் கேட்காமல், "சரிங்கம்மா, நாளைக்கு வந்து பாக்கறனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அக்கா உயிரோடு இருந்தார், அப்போதுதான் பேசினார். மறுபடி அழைத்து, அவர் வெளியே வரும்வரை காத்திருந்து சொன்னேன்.

ஞானம்மாளைக் கடைசிக்கு வைத்திருந்தேன். "சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"யாரு பேசுதது? பேரைச் சொல்லுங்க" என்றார்.

"வக்கீல் சண்முகம் பேசறேன்மா. அக்கா ஆபீஸ்ல பக்கத்துல இருக்கறவன். சென்னைக்கு உங்ககூட வந்தனே."

"அப்ப நெசந்தானா" என்றார். அதன் பிறகுதான் அந்த அம்மா அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன்.

அருக்காணி அக்கா, எல்லோருக்கும் சொல்லியாயிற்று. என் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். உங்கள் வழக்குகள் அத்தனையிலும் புதிய வக்காலத்து ஆகும்வரை யாரும் உங்கள் பெயரில் எழுந்து நிற்கமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு. கைபேசியை அணைத்து ரங்கசாமியிடம் கொடுத்துவிட்டேன். என்னுடையதில் மட்டும் உங்கள் எண்ணை இன்னும் அழிக்கவில்லை. அதிலிருந்து இனி அழைப்பு வந்தால், முதலில் பெயரைக் கேட்பேன். போய் வாருங்கள்.